சிரிக்காத படம்

மகளின் காதுகுத்துக்கு பேனர் அடிக்க, உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடைக்கு அப்பாவோடு போயிருந்தேன். வாழ்த்துக் கவிதையை நானே எழுதியிருந்தேன். கடைக்காரப் பெண் அதைப் படித்துவிட்டு, "யாரும் வண்டிய நிறுத்திப் படிக்க மாட்டாங்க சார்" என்று பாதியை வெட்டினார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. ஆட்களை நேராகப் பார்க்கவே மாட்டார்; கையிலிருந்த செல்போன் திரையில்தான் பார்ப்பார்.

அப்பாவை நீலத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். அப்பாவுக்குப் பொக்கைவாய் நிறையச் சிரிப்பு.

"இப்ப சிரிக்காம ஒண்ணு, தாத்தா."

"ஏம்மா, சிரிச்சா சாமி கோச்சிக்குமா?"

"இது காதுகுத்துக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?" என்றேன் நான்.

"அன்னிக்கு அவசரத்துல ஓடி வருவீங்க சார். சிரிச்ச மூஞ்சிய வச்சி கண்ணீர் அஞ்சலி அடிச்சா ஊர்ல ஏசறாங்க. அதான் வர்றவங்க எல்லாருக்கும் ஒண்ணு எடுத்து வச்சிக்கினு கீறேன்."

அப்பா எட்டி அந்தப் படத்தைப் பார்த்தார். "இதான் நல்லா கீது" என்றார்.

அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. என் முகம் மாறியதை அந்தப் பெண் திரையில் பார்த்திருப்பார் போல. செல்போன் என் பக்கம் திரும்பியிருந்தது.

"அப்பிடியே இருங்க சார்."

விழா முடிந்து பேனரைக் கழற்றியாயிற்று. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டே போகிறேன்.