வளைவுக்கு முன்னால் நின்ற லாரி

என் கணவர் எஸ்டேட் லாரி ஓட்டினார். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களைக் காலையில் தோட்டத்துக்கு ஏற்றிப்போவார். நானும் பறிப்புக்குப் போகிறவள்தான்.

ஒரு வருடம் பறிப்புக் காலத்தில் அவர் மெல்ல மெல்லப் பேச்சை விட்டார். தட்டில் வைத்த களி அப்படியே காய்ந்தது. குளித்து வந்தவர், அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவர்போல் துண்டோடு நிற்பார். வீட்டில் சாவும் இல்லை, சண்டையும் இல்லை. காத்துக் கருப்பு என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினோம்.

ஒரு நாள் காலை, கொட்டச்சேடு மலைச் சாலையில், பள்ளத்தை ஒட்டிய வளைவுக்கு முன்பே லாரி நின்றது. பின்னால் மற்ற பெண்களோடு இருந்த நான் இறங்கி முன்னால் போனேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரையும் எறங்கி நடக்கச் சொல்லு, புள்ள."

"ஏனுங்க, வண்டிக்கு என்னாச்சுங்க?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. வளைவுல திருப்பாம உட்டுட்டா என்னன்னு நெனப்பு வருது. நேத்தும் வந்துச்சு. இனி நான் ஓட்டக் கூடாது."

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பெண்களை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, இருவருமாக எஸ்டேட் ஆபீசுக்கு நடந்தோம். லாரிச் சாவியை, கணக்கெழுதும் ரைட்டரின் மேசைமேல் வைத்தார்.

"லீவு போட்டுட்டு ஊட்ல படுத்துத் தூங்குங்க, செரியாப் போயிரும்," என்றார் ரைட்டர்.

"லீவு பத்தாதுங்க. எனக்கு மனசு செரியில்லீங்க. அதுக்குண்டான டாக்டரப் பாக்கோணுமுங்க."

ஆபீசில் இருந்த எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார்.

அன்றே பஸ் ஏறிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாம் கேட்டுவிட்டு டாக்டரம்மா என்னிடம், "நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க. அவருதானுங்க என்னையக் கூட்டிட்டு வந்தாரு."

அதைச் சொன்னபோது, பயத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

மாத்திரையும் டாக்டரம்மாவிடம் பேச்சுமாக மாதங்கள் போயின. அந்த மாதங்களில் லாரி ஓட்டாமல், எஸ்டேட் நாற்றங்காலில் காப்பிச் செடிக்குத் தண்ணீர் விட்டார். சிலர் முதுகுக்குப் பின்னால் பைத்தியம் என்றார்கள். காதில் விழுந்தாலும் அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. ஒரு மத்தியானம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். டாக்டரம்மா ஓட்டலாம் என்ற பிறகுதான் சாவியைத் தொட்டார்.

அடுத்த வருடம் செம்மநத்தத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் வீடு தேடி வந்தார்.

"எம்மவளுக்குக் கொழந்த பொறந்ததுல இருந்து அழுதுக்கிட்டே கெடக்கறா. உங்கூட்டுக்காரரு எந்த டாக்டரப் பாத்தாருங்க?"

நான் வாய் திறப்பதற்குள், உள்ளிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே அவர் வந்துவிட்டார்.

"சேலம் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. உங்க மவளக் கூட்டிட்டு வாங்க, நாங்களும் கூட வர்றோம்."