மல்லாட்டைக் குவியலில் நடந்த பாடம்

இன்று காலை திண்டிவனம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஓர் இளம் அங்கன்வாடி டீச்சர். பயிற்சி முடித்துத் திரும்புகிறாளாம்.

“புள்ளைங்க போக்குல விட்டுத்தான் சொல்லிக் குடுக்கணுமாம். புது முறைங்கம்மா.”

“அறுபதுகள்லயே நாங்க அப்படித்தாம்மா செஞ்சோம்.”

“யாரு ட்ரெயினிங் குடுத்தாங்க?”

“வள்ளின்னு ஒருத்தி.”

உடனே நோட்டை எடுத்தாள்.

அப்போது நான் காணை ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால்வாடியில் டீச்சர். வேலை நிரந்தரமாகவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலம். பிள்ளைகள் மடி நிறையக் கொண்டுவந்து கொட்டினார்கள். ‘அ’ எழுத ஒருவரும் வரவில்லை. நானும் தோற்றுப்போய் விட்டுவிட்டேன். ஒரு பருப்பு, இரண்டு பருப்பு, மூன்று பருப்பு என்று உடைக்காமலே அவர்களாகவே மூன்று குவியலாகப் பிரித்தார்கள்.

அன்றைக்குப் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

“பாடம் நடத்தலியாம்மா?”

நான்கு வயது வள்ளிதான் பேசினாள்.

“மிதிக்காத. ஒக்காந்துக்கினு நீயும் பிரி.”

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். மனிதர் உட்கார்ந்துவிட்டார். ஒரு மல்லாட்டையை இரண்டு பருப்புக் குவியலில் போட்டார். வள்ளி அதை உடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மூன்று பருப்பு.

“இதையே நடத்தும்மா” என்று எழுந்து போனார்.

இதைச் சொல்லத் தொடங்குவதற்குள் விக்கிரவாண்டி வந்து அவள் இறங்கிவிட்டாள். அவள் நோட்டை மூடும்போது அதில் ‘பயிற்சியாளர்: வள்ளி மேடம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

அதில் திருத்த ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.