லுவாங் போ சம்ருவாயின் தொடைத்தசை

சம்ருவாய் முப்பத்தெட்டு வயதுவரை பனையேறி. பெட்சபுரிப் பக்கம் பான் லாட்டில் நாளுக்கு முப்பது மரம் ஏறி இறங்குவார். உடம்பில் ஒரு மடிப்பு கிடையாது. மனைவி இறந்ததும் புத்தத் துறவியாகி, லுவாங் போ, அதாவது ஊருக்கே பெரிய சாமி, ஆனார். அன்றிலிருந்து ஊர் அவரைக் கொழுக்க வைத்தது.

எங்கள் ஊரில் புண்ணியம் என்றால் இனிப்பு. இறந்தவருக்குப் பிடித்ததைத் துறவியின் பாத்திரத்தில் இட்டால் அவருக்குப் போய்ச் சேரும். சர்க்கரை நோயில் செத்தவர்களுக்கெல்லாம் பிடித்தது முட்டைக்கரு இனிப்புதான். உயிரோடிருந்தபோது கையிலிருந்து பிடுங்கியதைச் செத்தபின் தாராளமாகக் கொடுப்பார்கள். பாத்திரத்தில் விழுவதைத் துறவி மறுக்கக் கூடாது. மதியத்துக்கு மேல் உணவும் கூடாது, குடிக்கலாம். ஆகவே மாலையில் சிவப்புச் சோடாவும் பால் தேநீரும் வரும். விரதத்துக்கு உதவுகிறார்களாம்.

பதினேழு வருடத்தில் அவர் எடை நூற்றெட்டுக் கிலோ ஆனது. சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். அவருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது, சிறுநீரில் புரதமும் கண்டேன்.

"கிட்னி கெட ஆரம்பிச்சிருச்சு, லுவாங் போ."

"மத்தியானத்துக்கு மேல ஒரு பருக்கை தொடறதில்லையே, நர்ஸம்மா."

"குடிக்கிறீங்களே."

"அது தண்ணி."

"அது இன்னொரு சாப்பாடு. சர்க்கரையை வாங்கி எரிக்கிறது பெரும்பாலும் தசைதான். இன்சுலின் சொன்னா அதோட செல்லு கதவைத் திறக்கும். உங்க தொடைக்குள்ள கொழுப்பு அடைஞ்சு கிடக்கு. இன்சுலின் கத்தினாலும் அதுக்குக் காது கேக்கல."

"அப்ப ஊசி போட்டு இன்னும் கத்த விடுங்க."

"தசை வேலை செஞ்சா இன்சுலின் சொல்லாமலே கதவு திறக்கும். நீங்க மரம் ஏறினப்ப திறந்துதே."

"காவியைக் கட்டிட்டு மரம் ஏறச் சொல்றீங்களா?"

"நடங்க. இல்லன்னா டயாலிசிஸ்தான்."

நடக்க யார் விட்டார்கள்? வேகமாக நடந்தால் துறவிக்கு அழகில்லையாம். விளக்குமாற்றை எடுத்தால் மூன்று பேர் பிடுங்கினார்கள். பிட்சைக்குப் போகக் கார் அனுப்பினார்கள். சருகை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றையும் மடத்துக்குக் கொடுத்தார்கள். அதில் கொடுத்தவர்கள் பெயர் இருந்தது.

ஒரு காலை, உள்ளங்கை ரேகை தெரியும் வெளிச்சம் வந்ததும், அவர் கடைத்தெருவை விட்டு வடக்கே நடந்தார். நான்கு கிலோமீட்டரில் வயல் கூலிகளின் குடிசைகள். அவர்கள் இட்டது வெறும் சோறு, கீரை, கருவாடு. திரும்பிக் கடைத்தெருவுக்கு வரும்போது பாத்திரம் விளிம்புவரை நிறைந்திருந்தது. நிறைந்தால் மூடிவிட வேண்டும், அதுவும் விதிதான்.

இனிப்புக் கடை யுபின் வழிமறித்து மண்டியிட்டாள். போன வருடம் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"மூடியத் திறங்க, லுவாங் போ. அவருக்குப் பிடிச்சதெல்லாம் கொண்டாந்திருக்கேன்."

"இடமில்ல, யுபின்."

"அங்க பசியோட இருப்பாரே."

"அவருக்குக் கால் எதனால போச்சு?"

"சக்கரையால."

"அப்ப அங்கயாவது பத்தியமா இருக்கட்டும்."

திமிர் ஏறிவிட்டது என்றது தெரு. புகாரை விசாரித்த தலைமைத் துறவி, அவரும் நூற்றிருபது கிலோ, சோடாவை உறிஞ்சியபடி யோசிப்பதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

தினமும் வடக்கேயே நடந்தார். மூன்றாம் மாதம் பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தது. புரதம் பாதியாகியிருந்தது. கடைத்தெருவில் சொன்னேன். தாங்கள் இத்தனை வருடம் இட்டதன் பலன் என்று சந்தோஷப்பட்டார்கள்.

மறுநாள் யுபின் பிக்அப் வண்டியில் இனிப்போடு போய்க் குடிசைகளுக்கு முன்னால், பாத்திரம் காலியாக இருக்கும்போதே இட, முதல் ஆளாக நின்றாள். தூரத்திலேயே பார்த்துவிட்ட சம்ருவாய் வாய்க்கால் வரப்பில் இறங்கினார். அடுத்த குடிசைகளுக்கு அந்த வழியில் இன்னும் இரண்டு கிலோமீட்டர். வண்டி போகாது.