சுகப்பிரசவம் என்று பேர் வைத்தவன்

வேன்காரம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது என்பது அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தீர்மானம். பின்சீட்டு வாண்டுகள் தலைமையாசிரியர் மாதிரி தொண்டையைச் செருமி நடித்துக் காட்டும். வண்டியே குலுங்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பாள். உம்மணாமூஞ்சி ஆன்ட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது, போனால் போகிறது என்று விட்டுவிட்டாள். சிரித்தால் என்ன ஆகும் என்று அந்த வாண்டுகளிடம் சொல்லவா முடியும்?

சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடும். தும்மினாலும் அப்படித்தான். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் கேட்கவே வேண்டாம். டிரைவர் சீட்டில் எப்போதும் மடித்த துண்டு ஒன்று கிடக்கும். யாராவது கேட்டால் சீட்டுச் சூட்டுக்கு என்பாள். மூன்றாவது பிள்ளை பிறந்த நாளிலிருந்து இந்தப் பாடு. அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

அவள் புருஷன் பேட்டரிக் கடைக்காரர். கார், லாரி, வேன் எதுவானாலும் செத்த பேட்டரிக்கு உயிர் கொடுத்துவிடுவார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடைக்கு வந்து உட்கார்ந்தவன் எவனாக இருந்தாலும் அவனிடம் ஒரு தம்பட்டம் அடித்தே தீருவார். "எங்க வீட்ல மூணும் சுகப்பிரசவம். எங்கம்மாவுக்கு ஆறும் அப்படித்தான். எங்க வம்சத்துல கத்தி பட்டதே கிடையாது." ஏதோ தானே முக்கிப் பெற்றுப் போட்ட மாதிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். வந்தவன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவன். அவனுக்கு எதற்கு இந்தச் சேதி?

இதை வைத்து அவளைச் சுகப்பிரசவத்துக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூட வாசலில் நிறைமாத வயிற்றோடு நிற்கும் டீச்சர்கள் அவளிடம்தான் யோசனை கேட்பார்கள். "நடங்க. படுத்தே கிடக்காதீங்க. வலி வந்தா வாய்விட்டுக் கத்துங்க, அங்க யாருகிட்ட வெக்கம்? உடம்புக்கு வழி தெரியும், அதை அவசரப்படுத்தாதீங்க" என்பாள். முதல் இரண்டும் அவளுக்கு அப்படித்தான் ஆயின. இரண்டாவதாகப் பிறந்த பையனை ஈரத் தலையோடு நெஞ்சில் போட்டபோது, இந்த உலகத்தில் தன்னால் ஆகாத காரியம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. அந்த நினைப்பு இன்னும் அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் வேனைக் கிளப்புவதற்கு முன் கட்டாயம் இதையும் சேர்த்துக்கொள்வாள். "வழி அடைச்சுக்கிட்டா அடைச்சதுதான். அப்ப கத்தி வேணும்னு உங்க வாய் சொன்னா அதுதான் முடிவு. புருஷன் பக்கத்துல நிக்கட்டும், கையைப் பிடிச்சுக்கட்டும். வாயை மூடிக்கட்டும். சுகப்பிரசவம்னு பேர் வச்சவன் எவனோ, அவன் கதவுக்கு வெளியதான் நின்னிருப்பான்."

மூன்றாவதுக்கு வழி அடைத்துத்தான் போயிற்று. தலை பாதியில் நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் வெளியே போய்ச் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே எல்லாம் கேட்டது. "ரெண்டு சுகமா பெத்தவளுக்கு மூணாவது வராதா டாக்டர்?" என்று புருஷன் சிரித்துக்கொண்டே கேட்டார். இவள் கட்டிலிலிருந்து கதறினாள். "போடுங்க! கையெழுத்துப் போடுங்க! என்னால முடியல!" அதற்கு அவர் சொன்ன பதில்தான் அவள் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. "வலியில உளர்றா. நீங்க பாருங்க டாக்டர், வந்துடும்."

வந்தது. ஆயுதம் போட்டு இழுத்து, அவளைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் கடையில் மிட்டாய் கொடுத்தார்.

அவள் சண்டை போடவில்லை. கறுவிக்கொண்டாள். அவர் சட்டையில் பொத்தான் அறுந்தால் அறுந்தபடியே கிடக்கும். அவர் ஜோக் அடித்தால் சுவரைப் பார்ப்பாள். விருந்தாளிகள் முன்னால் வம்சப் பெருமை ஆரம்பித்தால், டீ கிளாஸை மேஜையில் வைக்கிற சத்தத்தில் பேச்சு பாதியில் நிற்கும். இதெல்லாம் சில்லறைப் பழி. பெரிய பழிக்கு நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கு ஒரு நாள் வலிக்க வேண்டும், வலிக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டவள் அவள். கேட்கவே பகீரென்று இருக்கிறதா? இருக்கட்டும்.

இப்படி இருக்கும்போது மூத்த பிள்ளையான மகள் மாசமானாள். வெளியூரில் புருஷனோடு இருக்கிறாள். மாதம் நெருங்கியும் குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தது. ஆபரேஷன்தான் நல்லது, அடுத்த தடவை வரும்போது முடிவைச் சொல்லுங்கள் என்று அங்கே டாக்டர் சொல்லியனுப்பினார். அப்பா விடுவாரா? போனிலேயே தாம் தூம் என்று குதித்தார். "நம்ம வம்சத்துல கத்தியா? கடைசி நிமிஷத்துல திரும்பிடும்மா. உங்கம்மாவைப் பாரு, மூணு பெத்துட்டு வேன் ஓட்டறா." மருமகன் ஒரு வாயில்லாப் பூச்சி, மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்றுவிட்டான்.

"டாக்டர் சொல்றதைக் கேளு" என்றாள் இவள்.

"அப்பா மனசு கஷ்டப்படும்மா" என்றாள் மகள். டாக்டரிடம் முடிவைச் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

வேன்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. தன்னைக் கிழித்தது போதாதென்று மகளையும் கிழிக்கப் பார்க்கிறாரே மனுஷன்!

அந்த நாளுக்கு முதல் நாள் காலை, கடையில் பேட்டரி ஒன்றைத் தூக்கியவர் அப்படியே விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வேனிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்கு எந்த வேகத்தடைக்கும் அவள் பிரேக் போடவில்லை. ஒவ்வொன்றிலும் பின்சீட்டிலிருந்து "ஐயோ" என்று கேட்டது.

சிறுநீர்ப் பாதையில் கல். ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் சொன்னார். "உயிருக்கு ஒண்ணுமில்ல, வலிதான். ரெண்டு நாள் மருந்து குடுத்துப் பாத்தா தானா வெளிய வந்தாலும் வரும். இல்லன்னா உள்ள குழாய் விட்டு எடுத்துடலாம். ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க."

ஊசி போட்டும் வலி அலை அலையாக வந்தது. வரும்போது அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். போகும்போது வியர்வையோடு மல்லாந்து கிடந்தார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக ஒரு ஸ்டூலில் அவள் உட்கார்ந்ததில்லை.

"எடுத்துடச் சொல்லு" என்று முனகினார்.

நர்ஸ் தாளோடு வந்தாள். அவர் கோணல்மாணலாகக் கையெழுத்தைக் கிறுக்கினார். "கூட வந்தவங்களும் போடணும்மா" என்று நர்ஸ் பேனாவை இவளிடம் நீட்டினாள்.

பேனாவை வாங்கிய வேன்காரம்மா அதை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள். "வலியில உளர்றார் சிஸ்டர். கொஞ்ச நேரம் பாக்கலாம். தானா வந்துடும்."

"நான் உளறலடி! வலிக்குதுன்னு சொல்றேன்!"

"எழுந்து நடங்க. மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. உங்கம்மா ஆறு பெத்தாங்க, உங்களுக்கு ஒரு கல்லு வராதா? கத்தி பட்டா நாளைக்குக் கடையில உக்காந்து என்ன பேசுவீங்க?"

நர்ஸ் தாளை அவள் மடியில் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனாள். அடுத்த அலை வந்தது. அவர் அழுதேவிட்டார். பேட்டரி அமிலம் கையில் பட்டபோதுகூட அழாத மனுஷன். "உன் கால்ல விழறேன். போடு" என்றார்.

"என் கால்ல விழ வேண்டாம். பொண்ணுக்குப் போன் போடுங்க. ஆபரேஷன் பண்ணிக்கன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் போடறேன்."

அவர் அவளைப் பார்த்தார். முதலில் கோபம், அப்புறம் நம்ப முடியாத பார்வை, அப்புறம் எல்லாம் புரிந்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டினார். அவளே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் வாயருகே பிடித்தாள்.

"அம்மாடி..." குரல் உடைந்திருந்தது. "அந்த டாக்டர் சொன்னாங்களே ஆபரேஷன்... பண்ணிக்கம்மா. நான் சொன்னதெல்லாம் விட்டுடு. உன் உடம்பு, நீ முடிவு பண்ணு."

"நிஜமாவாப்பா?"

"நிஜமாத்தான்மா."

"சரிப்பா. நாளைக்கே சொல்லிடறேன்." அந்தப் பக்கம் மகள் மூச்சு விட்டது இங்கே கேட்டது. வேன்காரம்மாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சொன்ன சொல் தவறாமல் மடியிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டு, தியேட்டர் தயாரானதும் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனாள்.

போனை அணைக்கப் போனபோது மகள் மறுபடி பேசினாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"சின்னத் தம்பி பொறந்தப்ப நான் உங்க பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன். எட்டு வயசு எனக்கு. அம்மா கதறினது எனக்கும் கேட்டுச்சு. அன்னிக்கு ஏன்ப்பா கையெழுத்துப் போடல?"

வேன்காரம்மாவின் கை போனோடு அப்படியே நின்றது. இந்தப் பெண் இத்தனை வருஷமாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். கடையில் கடன்காரன் மடக்கினாலும், சம்பந்தி ஏதாவது கேட்டுவிட்டாலும், அவர் திணறும் இடத்திலெல்லாம் அவள்தான் பேச்சை எடுத்துக் காப்பாற்றுவாள். இப்போதும் அதைத்தான் எதிர்பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை அவர் வாய்க்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"சொல்லுங்க" என்றாள். "பொண்ணு லைன்ல இருக்கா."