ஐந்து விநாடிக்கான காரணம்

ஹப்சிகுடா அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த, பேச்சில் உள்ளூர் உருது கலக்கும் தமிழ்ப் பெண், இன்ஜினியரிங் முடித்தவள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். கணினி நிரல் எழுதுவதைப் பிறரைப் பார்த்துப் பார்த்தே கற்றேன்.

நிரலின் நடுவே, அடுத்துப் படிப்பவருக்காக எழுதும் குறிப்பைக் கமெண்ட் என்போம். என்ன கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நான் வரிக்கு வரி எழுதுவேன்: 'இங்கே எண்ணுடன் ஒன்றைக் கூட்டுகிறோம்.' அவள் பக்கத்துக்கு ஒன்றுதான் எழுதுவாள். புதிதாக வருபவர்களுக்கு மேலாளர் அதைத்தான் காட்டுவார்.

"கூட்டுறது கோட்லயே தெரியுது. ஏன் கூட்டுறோம்னு அவங்கள மாதிரி எழுதுங்க" என்றார் மேலாளர் ஒருநாள். அன்று மதியம் அவளுடன் சாப்பிட உட்காரவில்லை.

ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நிரல் எழுதும் புதிய வேலையை மேலாளர் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் தரப்போகிறார் என்று தெரிந்ததும், அவள் எழுதியவற்றில் தப்புத் தேடினேன். மூன்றாம் நாள் கிடைத்தது. டோக்கன் அச்சிடும் பகுதியில், 'பிரிண்டர் காகிதத்தை வெட்டி முடிக்க இரண்டு விநாடி காத்திருக்கிறோம்' என்றிருந்தது. கீழே நிரலில் ஐந்து. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று, யார் எப்போது மாற்றினார்கள் என்பதைத் திறந்து பார்த்தேன். இரண்டை ஐந்தாக்கியவன் நான். மாரெட்பள்ளி கிளினிக் ஒன்றில் டோக்கன்கள் ஒட்டிக்கொண்டு வந்தபோது, அவசரத்தில் யாருக்கும் காட்டாமல் அங்கேயே நின்று மாற்றியது. எண்ணை மாற்றியவன் மேலிருந்த கமெண்டைத் தொடவில்லை.

சத்தமில்லாமல் திருத்தினேன்: 'பழைய பிரிண்டரில் பிளேடு மெதுவாக இறங்கும். ஐந்து விநாடிக்குக் கீழே குறைத்தால் இரண்டு நோயாளிகளின் டோக்கன் சேர்ந்து வரும்.' ஆனால் என் திருத்தங்களைச் சரிபார்ப்பவளே அவள்தான்.

"ஹவ், இதான் விஷயமாண்ணா? ஏன் அஞ்சுன்னு நான் மண்டைய ஒடச்சுக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள்.

"மறந்துட்டேம்மா."

திங்கட்கிழமை மேலாளர் அந்தக் கமெண்டையே திரையில் போட்டார். "இப்படி எழுதணும்" என்று, அவள் எழுதியதாக நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பழைய தப்பும் வெளியே வருமே.

"எனக்கு அந்தப் பேரு நக்கோ சார், வேண்டாம். அது அண்ணா எழுதினது" என்றாள்.

மேலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இருந்தும் புதிய வேலை அவளுக்கே போயிற்று. வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் வேலையைவிட, 'அது அண்ணா எழுதினது' என்று எல்லோர் முன்னும் அவள் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கூட்டத்துக்காக நான் சொல்லிப் பார்த்து வைத்திருந்தவற்றில் அப்படி ஒன்றுகூட இல்லை.