தேசிங்கின் பாதி வாக்கியம்

வசந்தாவின் போன் வந்தபோது நான் திருவொற்றியூர் தேரடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "அண்ணா, அவுரு பூட்டாரு. நீ அவசரப்படாத, மெதுவாவே வா" என்றாள். விபத்து நடந்ததிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் "ஓடியா" என்றுதான் சொல்லியிருக்கிறாள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

அவள் கணவர் தேசிங்கை, இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசியவர். தண்ணீரில் சாம்பலும் எண்ணெயும் கலந்து மீன் ஒழிந்த பிறகு ஐஸ் வண்டி ஓட்டினார். மனு கொடுக்கப் போகும் கூட்டத்தில் முன்னால் கேட்கிற கட்டைக்குரல் அவருடையதுதான். அவர் பேசுவார், நான் எழுதுவேன். குப்பத்திலிருந்து போன மனுக்களெல்லாம் அப்படி உண்டானவை. ஒன்றுக்காவது உருப்படியான பதில் வந்ததா என்று கேட்காதீர்கள்.

ஒரு டிரெய்லர் லாரி அவர் பைக்கை இடித்துத் தள்ளியது. கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அதற்குக் கீழே எதுவும் அவர் சொன்னபடி கேட்கவில்லை, மூச்சு உட்பட. தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் குழாயைச் செருகினார்கள். அதன் வழியே போகும் காற்று வாயையும் தொடாது, மூக்கையும் தொடாது. பேச்சும் போயிற்று, வாசனையும் போயிற்று. கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தார்.

பிறகு ஒரு டாக்டர், நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசையில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, வெளியே ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தார். பெட்டி மின்துடிப்பு அனுப்பும், தசை இறங்கும், மூச்சு உள்ளே வரும். அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று நான் எழுதப் போவதில்லை. பணம் அனுப்பி வாங்கித் தந்தவர்களே, இதைப் படிக்கும் நீங்கள்தான். டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. "இது மூச்சை இழுக்கும். இருமாது. சளி கட்டினால் பழையபடி வென்டிலேட்டர்தான்" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, வீட்டில் தொண்டைத் துளையை மூடி வைத்த முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். காற்று மூக்கு வழியாக உள்ளே போயிற்று. தேசிங்கு முகத்தைச் சுளித்தார். "வசந்தா, கருவாடு தீயுது." அடுப்பில் உண்மையிலேயே தீய்ந்துகொண்டிருந்தது. அவள் அதை இறக்காமல் அங்கேயே நின்று அழுதாள். சாயங்காலம் மேற்கே மணலி ஆலைகள் பக்கமிருந்து அந்த அழுகல் முட்டை நாற்றம் வந்தது. "கலீஜ் நாத்தம் மாமு" என்றார். பெட்டி மூச்சை இழுத்தது. "ஆனா என் மூக்குல ஏறுது பாரு." அந்த நாற்றத்துக்காக ஒரு மனிதர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் பெட்டி அவருக்காகக் காத்திருக்காது. அதன் கணக்குப்படி மூச்சை இழுக்கும்போது பேச்சு அறுந்துவிடும். மூச்சு வெளியே வரும்போதுதான் மிச்சத்தைச் சொல்ல முடியும். வீட்டில் எல்லோரும் காத்திருக்கக் கற்றுக்கொண்டோம். "கெட்ட வார்த்தைக்கு ஒரு மூச்சு தாராளம்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்தில் வரப்போகும் புது ரசாயன ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. "அங்க ஒரு தபா பேசிடணும் மாமு. அப்பால இன்னா ஆனாலும் ஆவட்டும்" என்றார். நான் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். படிக்கக் கேட்டுவிட்டு, "உன் தமிழுக்கு என் மூச்சு பத்தாது" என்று வேண்டாமென்றுவிட்டார். அவரே ஒரு வாக்கியத்தை மனதில் கட்டிக்கொண்டு, தினமும் கூரையைப் பார்த்துச் சொல்லிப் பழகினார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சக்கர நாற்காலியை மேடைக்குக் கீழே நிறுத்தினேன். மைக்கை அவர் வாயருகே பிடித்தார்கள். "கம்பெனி வரட்டும், எங்க பசங்களுக்கு வேல குடுக்கட்டும்" என்றார். பெட்டி மூச்சை இழுத்தது.

"நன்றி ஐயா. ஆதரவாகப் பதிவு செய்துகொள்கிறோம். அடுத்தவர்" என்றார் அதிகாரி.

முன்வரிசை கைதட்டியது. மைக் நகர்ந்துவிட்டது. "...னு கெஞ்ச நா வர்ல" என்று தேசிங்கு முடித்தது என் காதில் மட்டும் விழுந்தது. நான் கத்தினேன். "ஒருத்தருக்கு ஒரு தபாதான் சார், நகருங்க" என்றார் காவலர். நம் மொழியில் 'இல்லை' என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதுவரை காத்திருக்க அங்கே ஆள் இல்லை. திருத்தச் சொல்லி நான் எழுதிய மனுக்களுக்கும் பதில் இல்லை.

திரும்பும்போது வேனில், "அடுத்த தபா 'வேணாம்'னு மொதல்ல சொல்லிட்றேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆதரவுன்னு எழுதிகினான் மாமு. நா செத்தாலும் அது அங்கியே இருக்கும்."

மழைக்காலத்தில் சளி கட்டியது. பெட்டியால் இரும முடியாதே. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி தொண்டைக் குழாய். குரலும் வாசனையும் திரும்பவும் போயின. டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

சாவுக்கு ஆலைக்காரர்கள் சார்பில் ஒருவர் மலர்வளையத்தோடு வந்திருந்தார். நல்ல மனிதர்தான். வசந்தாவிடம், "அன்னைக்குக் கூட்டத்துல எங்களுக்காகப் பேசினாரே, மறக்க மாட்டோம்மா" என்றார். "அவுரு பேசி முடிக்கல சார்" என்றாள் வசந்தா. அவருக்குப் புரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆலைக்குச் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தேசிங்கிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மைக்கில் விழாத மிச்சம் மட்டும்தான்: கெஞ்ச நா வர்ல.