கேரியரில் ஒரு இரும்புக் கம்பி

சைக்கிளில் இட்லி விற்கிறவனுக்கு இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கும்; அவனை மடக்க வருகிறவனுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும். தாராவியில் விடியற்காலை கிளம்பி சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று இருபது வருஷத்துக்கு மேல் மிதித்துவிட்டேன். பின்னால் இட்லி டப்பா, ஹேண்டிலில் சட்னித் தூக்கும் சாம்பார்த் தூக்கும், கைக்கு எட்டுகிற இடத்தில் ரப்பர் ஹாரன். வயிற்றுக்காகவோ உடம்புக்காகவோ சைக்கிள் மிதிக்கிற உங்களுக்கும் அந்தச் சத்தம் தெரிந்திருக்கும்: ஆளில்லாத ரோட்டில், முதுகுக்குப் பின்னால் ஒரு பைக் வேகத்தைக் குறைக்கிற சத்தம். அதைக் கேட்கிற அன்றைக்கெல்லாம், கையில் ஏதாவது வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேருக்கும் தோன்றியது.

வடை எடுக்கும் இடுக்கி

செம்பூருக்குப் போகும் வழியில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாக ஒரு ரோடு உண்டு. ஒருபக்கம் நீளச் சுவர், மறுபக்கம் அந்தத் தண்ணீர். வெளிச்சம் வந்துவிட்ட நேரம்தான். பைக்கில் இரண்டு பேர் வந்து குறுக்கே நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி, என் சட்டைப் பையிலிருந்த போனைக் கேட்டான். சத்தம்கூடப் போடவில்லை, டைம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

கொடுத்திருக்கலாம். என்ன நினைத்தேனோ, டப்பா மேல் செருகியிருந்த இடுக்கியை உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். வடை எடுக்கிற இடுக்கி. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சைக்கிளை ஒரு உதை விட்டான். சைக்கிளோடு நானும் விழுந்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் என் வலது காலில் கொட்டியது. இட்லியெல்லாம் ரோட்டில். குனிந்து என் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ரோட்டைப் பெருக்குகிற மராத்திக்கார அம்மா ஒருத்தி ஓடிவந்து என் காலில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு மண்ணில் கிடந்த இட்லிகளை ஒன்றுவிடாமல் கூட்டி ஓரமாகக் குவித்தாள். குப்பையாகத்தான் குவித்தாள், ஆனாலும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். போகும்போது இந்தியில் சொன்னாள்: "அதை நீட்டாம இருந்திருந்தா போன் மட்டும்தான் போயிருக்கும், அண்ணா."

சாருடைய ஸ்பிரே

மாட்டுங்காவில் ராமநாதன் சார் என்று ஒரு வாடிக்கைக்காரர். பாலக்காட்டுக் குடும்பம், ஆபீஸ் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி, அறுபத்தைந்து வயதில் கியர் வைத்த சைக்கிள் வாங்கித் தினமும் காலையில் ஓட்டுவார். முடித்துவிட்டு என்னிடம் நான்கு இட்லி. மாமிக்குத் தெரிய வேண்டாம் என்று இரண்டு வடையும் நின்றபடியே சாப்பிட்டுவிடுவார்.

என் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் விசாரித்தார். அடுத்த வாரம் அவர் ஹேண்டிலில் விரல் நீளத்துக்கு ஒரு டப்பி தொங்கியது. தாணேயில் இருக்கிற மகள் வாங்கி அனுப்பிய மிளகு ஸ்பிரே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கையை நீட்டி, கண்ணைக் குறிவைத்து அமுக்க வேண்டும் என்று எனக்கு ரோட்டில் நின்று செய்து காட்டினார். "நீயும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோப்பா" என்றார். மனிதர் முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஆளைக் காணோம். ஒருநாள் மாமி கீழே வந்து இரண்டே இட்லி வாங்கினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போனேன். நிறுத்தி வைத்திருந்த கார் ஒன்றில் எவனோ திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்திருக்கிறான். சைக்கிளில் வந்த சார் அதில் மோதி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, கட்டிலோடு கிடந்தார். சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஸ்பிரே மட்டும் தலைமாட்டில், மருந்துப் பாட்டில்களுக்கு நடுவில் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எதிரின்னு ஒருத்தனும் வரலைப்பா, கார் கதவுதான் வந்தது."

முருகேசனின் கம்பி

முருகேசன் என் சந்துக்காரன், என் தொழில்காரன். ஊரும் பக்கத்து ஊர்தான், தென்காசிப் பக்கம். எனக்கு நடந்ததில் என்னைவிட அவன்தான் அதிகம் பயந்தான். தெரிந்த பட்டறையில் சொல்லி முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வாங்கி, பிடிக்கிற இடத்தில் பழைய ட்யூபைச் சுற்றி, வலது கைக்கு எட்டுகிற மாதிரி கேரியரில் செருகிக்கொண்டான். "வேண்டாம்ல, அது நமக்குச் சரிப்படாது" என்றேன். "ஒனக்குப் போனோட போச்சு. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்குலே" என்றான்.

ஒரு வருஷம் அந்தக் கம்பியை அவன் உருவவே இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, செம்பூரில் ஒரு பில்டிங்கில் இட்லி கொடுத்துவிட்டுச் சந்தில் திரும்பியிருக்கிறான். நல்ல மழை. பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். "ருக், ருக்" என்று இந்தியில் நிற்கச் சொல்லி ஒரு குரல். கண்ணோரத்தில் கறுப்பு ரெயின்கோட்டும், கையில் பளபளவென்று ஏதோ ஒன்றும். முருகேசன் ஒரு காலை ஊன்றி, கம்பியை உருவி, பின்பக்கமாக வீசிவிட்டான்.

அது அந்த பில்டிங் வாட்ச்மேன் ராம்சேவக். உத்தரப்பிரதேசத்துக்காரர், தினமும் முருகேசனிடம் சாப்பிடுகிறவர். கையில் இருந்தது சட்னித் தூக்கின் மூடி. முருகேசன் கேட் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டு வந்தது. அவருடைய வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்துபோனது.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது, படியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் ராம்சேவக் சொன்னார். போலீஸ் வரவில்லை. ஆனால் ஒரு கையால் கேட்டைத் தள்ள முடியாது, ரிஜிஸ்டரில் எழுத முடியாது. மாசக் கடைசியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். முருகேசன் தினமும் அவர் அறைக்கு இட்லி கொண்டுபோனான். ஒருநாள் நானும் கூடப் போனேன். இடது கையால் தடுமாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் இவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். முருகேசனைப் பார்த்துத்தான் பேசினார்: "தினமும் பார்க்கிற மூஞ்சிதானே, பய்யா, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா?"

கோபர்கைரனேயில்

கை நேராகாமலே ராம்சேவக் ஊருக்குப் போய்விட்டார். முருகேசன் கம்பியை நாலாவில் வீசினான். அடுத்த வாரமே சைக்கிளையும் விட்டான். இப்போது தாராவியை விட்டுத் தள்ளி, கோபர்கைரனேயில் ஒரு ஓட்டலில் மாவு அரைக்கிறான். நாள் முழுக்கக் கிரைண்டர் சத்தம். பின்னால் யார் வந்தாலும் கேட்காது. அதுதான் நிம்மதி என்கிறான்.

போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். ரொம்ப இளைத்திருந்தான். "செம்பூர்ல ஒன்னத்தான் கேக்காங்க. சும்மா வெறுங்கையோட வாலே, நானும் அப்படித்தான போறேன்" என்று கூப்பிட்டேன். கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவிக்கொண்டே இருந்தான். சுத்தமான பிறகும் கழுவினான். பிறகு தலை நிமிராமல் சொன்னான்: "கம்பி இல்லாமப் போனா எவனாவது அடிச்சிருவான்னு பயமா இருக்கு, கம்பியோட போனா நான் அடிச்சிருவேன்னு பயமா இருக்கு."

நான் இன்னும் வெறுங்கையோடுதான் மிதிக்கிறேன். அதைத் தைரியம் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.